ஆலாத்தி சிவக்காத மண்

“தாங்கள் தகர டப்பாவில் அனுப்பிய மண் திராவகக் குணமுடையதாகக் காணப்படுகிறது. தகுந்த அளவு சுண்ணாம்பு இடவும்.”

கடிதம் முழுவதும் இவ்வளவுதான். மூலம் ஆங்கிலத்தில் இரண்டு வரி; தமிழ் என்னுடையது. சர்க்கார் விவசாயப் பண்ணை ஒன்றிலிருந்து வந்தது. எழுதியவர் தேதி போடவில்லை. பிரமாதி வருஷம் தை மாதம் 11-ஆம் தேதி என் கைக்குக் கிடைத்தது என்று உறையின் மேல் நான் பென்சிலால் குறித்திருக்கிறேன். தேதி இல்லாத காகிதத்தை வைத்துக்கொள்வது என் வழக்கமில்லை. இந்த ஒன்றை மட்டும் ஆறு வருஷத்துக்கு மேலாக வைத்திருக்கிறேன்.

இந்த இரண்டு வரியில் இரண்டு கோளாறுகள் உண்டு. “தகுந்த அளவு” என்பது அவர்களுடையது. “திராவகம்” என்பது என்னுடையது. முதலாவது எங்களுக்கு ஒரு மாத வேலை வைத்தது. இரண்டாவது பக்கத்துத் தோட்டக்காரரை வரப்பின்மேல் நின்று கத்த வைத்தது.

நான் அப்போது சேலம் ஜங்ஷனில் சரக்குப் பிரிவு குமாஸ்தா. குடியிருப்பு சூரமங்கலத்தில். நிலம் என்னுடையது அல்ல, என் அக்காவுடையது. மல்லசமுத்திரத்துக்குத் தெற்கே நாலு ஏக்கர் செம்மண் தோட்டம், ஒரு கிணறு, மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கிற ஒரு கவலை, தோட்டத்து நடுவே சாளை என்கிற சிறு வீடு. மச்சான் யுவ வருஷம் ஐப்பசியில் காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளை குட்டி இல்லை. அவருடைய அண்ணன் வீட்டை ஊரில் பெரிய வீடு என்பார்கள். கருமாதி முடிந்த அன்றே அக்காவை அங்கே வந்து இருக்கச் சொன்னார்கள். அவள் சாளையை விட்டு வரமாட்டேன் என்று சொல்லி, அடுத்த வாரமே கவலையில் மாடு பூட்டச் சொன்னாள். அதிலிருந்து பண்ணையம் அவளுடையது.

அந்தக் கிணற்றுத் தண்ணீருக்கு வட்டாரத்தில் பேர் உண்டு. ஒரு கொதியில் பருப்பு வெந்துவிடும். சமையலுக்கென்று சுற்று வட்டத்துப் பெண்கள் குடத்தோடு வருவார்கள். அக்கா யாரையும் வேண்டாம் என்றதில்லை. கொஞ்சம் பெருமை இருந்தது என்றே சொல்ல வேண்டும்.

சீமை உரம் அந்த நிலத்துக்கு முதன்முதலாக வந்தது ஸ்ரீமுக வருஷத்தில். கப்பலில் வந்து, ரயிலில் வந்து, என் கிடங்கில் இறங்கிய மூட்டைகள் அவை. அதைப் பற்றி அச்சடித்த துண்டுப் பிரசுரம் ஒன்றைப் படித்துவிட்டு, கரும்புக்குப் போடலாம் என்று மச்சானுக்குச் சிபாரிசு செய்தவன் நான்தான். இதை யாரும் கேட்கவில்லை என்றாலும் எழுதி வைக்க வேண்டியிருக்கிறது. வெள்ளையாக, பொடிப் பரலாக, நாக்கில் வைத்தால் கரிக்கும். பார்த்தவுடன் எங்கள் பக்கத்தில் அதற்குச் “சீமை உப்பு” என்று பேர் வைத்துவிட்டார்கள். ரசாயன சாஸ்திரப்படியும் அது ஒரு உப்புத்தான். அதனால் பேரில் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் பின்னால் வந்த தொல்லை எல்லாம் அந்தப் பேரால் வந்தது.

அந்த வருஷக் கரும்பு கருகருவென்று ஏறியது. காய்ந்த சோகையை உரிக்க உள்ளே போன ஆளைத் தேட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு கரும்போ, ராகியோ, வெங்காயமோ, எதைப் போட்டாலும் உப்பு விழுந்தது. ஒரு வெள்ளாமை தவறவில்லை. நிலத்துக்கு ஓய்வும் இல்லை. குப்பை எரு அடிப்பது குறைந்து, பிறகு நின்றே போயிற்று. கைப்பிடி உப்புக்கு ஆகிற வேலைக்கு வண்டி எரு எதற்கு என்று தோன்றியது.

தாது வருஷம் (பஞ்சத்துத் தாது அல்ல, அதற்கு அறுபது வருஷம் கழித்து வந்தது) ராகி அங்கங்கே மஞ்சள் பூத்தது. ஈஸ்வர வருஷம் வெங்காயம் வேரில் கருகி, நுனியிலிருந்து காய்ந்தது. வெகுதானியத்தில் நிலக்கடலை பாதி பொக்கு. பொக்கு என்றால் ஓடு இருக்கும், பருப்பு இருக்காது. செடி பார்க்கப் பச்சையாகத்தான் இருந்தது.

பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிச் சொன்னார்கள்: “உப்பு ஏறிப்போச்சுங்க.” உப்பு கொட்டிய நிலத்தில் உப்பு ஏறுவது நியாயம் போலவும் இருந்தது. உவர் நிலத்துக்கு இந்தப் பக்கத்தில் தெரிந்த வைத்தியம், தண்ணீரைக் கணுக்கால் அளவுக்குக் கட்டி நிறுத்தி வடிப்பது. இரண்டு கோடையில் அக்கா அதைச் செய்தாள். விடிந்ததிலிருந்து மாடு பின்னுக்கும் முன்னுக்கும் நடக்கும். அந்தப் பேர்போன நல்ல தண்ணீர் வயலில் நிற்கும். மூன்றாம் நாள் ஓடைக்கு வடியும். கழுவிய மண் மெலிந்திருக்கும் என்று அதற்கு ஈடாக அரை மூட்டை உப்பு கூடுதலாகப் போட்டாள். இதற்கும் நான் தலையாட்டியிருக்கிறேன். வெகுதானியம் பங்குனி 6 குறிப்பில் “நல்ல யோசனை” என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது.

பிரமாதி வருஷம் கார்த்திகையில் கடலை பிடுங்கிய அன்று நான் அங்கே இருந்தேன். பெரிய வீட்டுக்காரரும் வந்திருந்தார். கணவனின் அண்ணனை எங்கள் பக்கம் மச்சாண்டார் என்பார்கள். தம்பி மனைவி அவரோடு நேருக்கு நேர் பேசுவதில்லை. சொல்ல வேண்டியதை நடுவில் இருக்கிற யாரிடமாவது சொல்வது போலச் சொல்ல வேண்டும். ஆள் இல்லாவிட்டால் மாட்டிடம்கூடச் சொல்வதுண்டு.

அவர் குவியலில் ஒரு கை அள்ளி, ஒவ்வொரு காயாகக் கட்டைவிரலால் அமுக்கினார். டப், டப் என்று எல்லாம் காற்றாகப் போயிற்று.

“மாப்ள, இத ஆட்டுக்குப் போட்டாக்கூட ஆடு நம்மள மொறச்சுப் பாக்கும்” என்றார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: “உங்கக்காகிட்டச் சொல்லுங்க. இன்னும் ஒரு வெள்ளாமை பாக்கட்டும். அதும் பொக்குன்னா, வேலியடச்சு மேய்ச்சலுக்கு உட்ரலாம். அந்தப் புள்ளயும் தனியா இந்தச் சாளையில என்னத்துக்குக் கெடக்கணும்? பெரிய ஊட்டுக்கு வந்தரட்டும். கஞ்சிக்கா பஞ்சம்?”

கெட்ட மனுஷர் அல்ல. நல்லதென்று நினைத்துத்தான் சொன்னார்.

அக்கா கவலை மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றாள். மாட்டைப் பார்த்துச் சொன்னாள்: “பெரிய ஊட்டு அடுப்படில ஏற்கெனவே நாலு பேரு நிக்கறாங்களாமா. அஞ்சாவதா நான் போயி என்ன, கரண்டி புடிக்கறவங்களுக்கு வெசிறி வீசறதா? ஒரு வெள்ளாமன்னா ஒரு வெள்ளாம. பாத்தரலாம்.”

மாடு ஒன்றும் சொல்லவில்லை. மச்சாண்டார் “பாக்கட்டும், பாக்கட்டும்” என்று துண்டை உதறிக்கொண்டு போனார்.

மறுவாரம் நான் டப்பாவில் மண் எடுத்து அனுப்பினேன். தை 11-இல் பதில். தை 14-ஆம் தேதி லீவு போட்டுப் பஸ் ஏறினேன். அக்கா கிணற்றடியில் இருந்தாள். தண்ணீர் எடுக்க வந்த நாலு பெண்கள் குடத்தோடு நின்றார்கள். அவர்கள் போகும்வரை பொறுத்திருக்கலாம். எனக்குப் பொறுமை இல்லை.

“அக்கா, மண்ணுல திராவகம் இருக்குதாமா” என்றேன்.

கிராமத்தில் திராவகம் என்றால் ஒன்றே ஒன்றுதான்: தட்டார் நகையில் ஊற்றுவது. கையில் பட்டால் கை போய்விடும். அதை யாராவது ஊற்றினால்தான் உண்டு, தானாக மண்ணில் முளைக்காது. ஆகவே யாரோ ஊற்றியிருக்கிறார்கள். நாலு குடமும் வீடு போய்ச் சேருமுன் யார் என்பதும் முடிவாகிவிட்டது. தெற்குத் தோட்டக்காரருக்கும் அக்காவுக்கும் முந்தின வருஷம் வடிகால் விஷயமாக வாய்த்தகராறு நடந்திருந்தது.

நான் இதெல்லாம் தெரியாமல் சூரமங்கலம் திரும்பிவிட்டேன். தை 21-இல் மறுபடி போனபோது, தெற்குத் தோட்டக்காரர் பொதுவரப்பின்மேல் நின்று எனக்காகவே காத்திருந்தார்.

“வாங்க ரயில்காரரே! நான் திராவகம் ஊத்துனனாமா? நாலு ஏக்கராவுக்கு எத்தன வண்டி ஊத்தோணும்? அத்தன திராவகம் என்றகிட்ட இருந்தா இங்க என்னத்துக்குங்க ஏரோட்டறேன், சேலத்துல நகக்கடையே வெச்சிருப்பனே!”

“நான் அப்படிச் சொல்லலீங்க.”

“நீங்க சொன்னீங்களோ, உங்க லெட்டர் சொல்லுச்சோ. தட்டாரு ஊட்டு வாசல்ல போயி ரண்டு பேரு வெசாரிச்சுட்டு வந்துருக்கறாங்க. அந்த மனுசன் இப்ப என்னயக் கண்டா மூஞ்சியத் திருப்பறாரு. என்ற மக கொலுசு அவருகிட்ட அரகொறயாக் கெடக்குது!”

அக்கா வரப்புக்கு இந்தப் பக்கம் வந்து நின்றாள். “ஊத்தலீன்னா செரி. அப்ப என்ற நெலம் மட்டும் எப்படிங்கண்ணா கெட்டுச்சு?”

“உப்பு ஏறிக் கெட்டுச்சுன்னீங்க. செரி. நானும் அதே மூட்டயத்தானுங்க போடறேன். உங்க தம்பி கெடங்குலதான் எடுத்தாரேன். ஒரே வருசந்தான் ரண்டு பேரும் ஆரம்பிச்சது. அதுக்கு மேல என்ற கெணறு. அந்தத் தண்ணிய நாய் குடிக்காதுன்னு நீங்களே சொல்லியிருக்கறீங்க.”

“நாயின்னு சொல்லல. பருப்பு வேகாதுன்னு சொன்னேன்.”

“ரண்டும் ஒண்ணுதான். உப்பு மூட்ட, உப்புத் தண்ணி, ரண்டும் என்ற காட்டுல. உப்பேறிக் கெடறதுன்னா எங்காடல்ல மொதல்ல கெடோணும்? வாங்க, வந்து பாத்துட்டுப் பேசுங்க!”

பார்த்தோம். காயவைத்த கடலை அவர் சாளை முழுக்கப் பரப்பியிருந்தது. அமுக்கினால் அமுங்கவில்லை. அவர் மனைவி எனக்கு நீர்மோர் கொடுத்தார். சொம்பின் உள்பக்கம் வெள்ளையாகப் பூத்திருந்தது. அடுப்படியில் வெந்நீர்ப் பானையிலும் அதே வெள்ளை, விரல் கனத்துக்கு. நகத்தால் சுரண்டி, பார்சலுக்குச் சுற்றுகிற காகிதத்தில் மடித்து வந்தேன். ஜங்ஷனில் ரயில்வே நூலகத்தில் இருந்த பழைய ரசாயனப் புத்தகத்தில் சொன்னபடி அதன்மேல் எலுமிச்சம்பழம் பிழிந்தேன். நுரைத்தது. உப்பு நுரைக்காது. அது சுண்ணாம்பு.

அன்றுதான் எனக்குப் பிடிபட்டது. அந்தச் சீமை உரத்தில் பயிர் ஒரு பகுதியைத் தின்னும். தின்னாமல் விட்டது மண்ணில் புளிப்பாகத் தங்கும். தெற்குத் தோட்டத்தில் அந்தப் புளிப்பைக் கிணற்றுத் தண்ணீரில் கரைந்து வந்த சுண்ணாம்பு வருஷா வருஷம் தீர்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. எங்கள் தண்ணீரில் ஒன்றும் இல்லை. அதனால்தான் பருப்பு வெந்தது. போதாததற்கு இரண்டு கோடை கட்டி வடித்து, மண்ணில் இருந்த கொஞ்சத்தையும் நாங்களே கழுவி ஓடைக்கு அனுப்பியிருக்கிறோம்.

அடுத்த முறை போனபோது திராவகம் என்ற சொல்லைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். தெற்குத் தோட்டக்காரரிடமும் தட்டாரிடமும் தனித்தனியே போய், தவறு என் மொழிபெயர்ப்பில் என்று சொன்னேன். தட்டார், “இனிமே இங்கிலீசு லெட்டரு வந்தா மொதல்ல என்கிட்டக் காட்டுங்க” என்றார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது.

அக்காவிடம், “புளிப்பு. மண் புளிச்சுப்போச்சு. அவ்வளவுதான். சுண்ணாம்பு போட்டாத் தீரும்” என்றேன்.

அவள் ஒப்பவில்லை. “சுண்ணாம்புச் சூளை இருக்கற எடத்துல புல்லு மொளச்சுப் பாத்திருக்கறயா தம்பி? வெள்ளயா இருந்த ஒண்ணக் கொட்டித்தான் இப்படி ஆச்சு. இன்னொரு வெள்ளயக் கொட்டச் சொல்ற. எனக்கு இருக்கறது ஒரே வெள்ளாம.”

அவளை ஒப்பவைக்க வேறு வழி வேண்டியிருந்தது. புத்தகத்தில் இருக்கிறது என்றால், முதல் மூட்டைக்கும் அச்சடித்ததைத்தான் காட்டினேன்.

வழி வந்தது மாசி மாதம், பெரிய வீட்டுக் கல்யாணத்தில். மச்சாண்டாரின் மூத்த மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஆலாத்தி எடுக்க வேண்டும். ஆலாத்தி என்பது மஞ்சளையும் சுண்ணாம்பையும் தண்ணீரில் கரைப்பது. கரைத்தவுடன் ரத்தம் போலச் சிவக்கும். அன்றைக்கு இரண்டு தட்டு சிவந்தது. மூன்றாவது மஞ்சளாகவே நின்றது. இன்னொரு சிட்டிகை சுண்ணாம்பு போட்டும் அப்படியே.

“தட்ட வெளக்குனது யாரு? புளிய அலசாம வெச்சுட்டாங்க!” என்று உள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

விளக்கியது அக்கா. மச்சான் போனதிலிருந்து அவள் ஆலாத்தி எடுப்பதில்லை. புறக்கடையில் பித்தளைத் தட்டுகளைப் புளி போட்டு விளக்கிக் கொடுக்கிற வேலை மட்டும் அவளுக்கு விட்டிருந்தார்கள். அவள் அவமானப்பட்டிருப்பாள் என்று நினைத்துப் பின்பக்கம் போனேன். அவள் கையில் ஈரத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் அவமானம் ஒன்றும் இல்லை.

“தம்பி, புளி ஒட்டியிருந்தா ஆலாத்தி செவக்காது. அது பொம்பளைக எல்லாத்துக்கும் தெரியும்.”

“ஆமாங்கக்கா.”

“கூடச் சுண்ணாம்பு போட்டா அப்பறம் செவக்கும்.”

“ஆமா.”

“நீ சொல்றாப்பல என்ற மண்ணு புளிச்சது நெசம்னா, அந்த மண்ணக் கரச்ச தண்ணிலயும் செவக்கக் கூடாதில்ல? தெக்காலத் தோட்டத்து மண்ணுல செவக்கோணும்.”

 ஒரு மாதமாகப் புத்தகத்தில் தேடிக்கொண்டிருந்தவன் நான்.

“சாப்புட்டு வா. உன்ற எலயில பாயசம் ஆறுது” என்றாள்.

மாசி 19-ஆம் தேதி பகல் முழுவதும் சாளை வாசலில் அந்தச் சோதனை நடந்தது. பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து மஞ்சளில் நனைத்துக் காயவைத்தோம். வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளிவை இறுத்தோம். ஒரு சட்டியில் தெற்குத் தோட்டத்து மண் ஒரு ஆழாக்கு. இன்னொன்றில் எங்கள் மண் ஒரு ஆழாக்கு. இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர், எங்கள் கிணற்றிலிருந்து. எண்ணெய்க் கரண்டியால் சுண்ணாம்புத் தெளிவை ஒரு கரண்டி விடுவது, கலக்குவது, தெளிய விடுவது, துணியைத் தோய்ப்பது. அக்கா விட்டாள், நான் எழுதினேன்.

தெற்குத் தோட்டத்து மண் மூன்றாவது கரண்டியில் துணியைச் சிவக்க வைத்தது. எங்கள் மண்ணில் பத்தாவது கரண்டியிலும் துணி மஞ்சள். பதினைந்திலும் மஞ்சள். பதினெட்டில் ஒரு நிமிஷம் சிவந்து, கலக்கியதும் வெளுத்தது. அக்கா அந்தச் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டாவது கரண்டியில் சிவப்பு நின்றது.

“இத்தன பசியா?” என்றாள்.  கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு, “சூளை சங்ககிரிப் பக்கந்தான இருக்குது? நாளைக்கே வண்டி பூட்டறேன்” என்றாள்.

கடிதத்தில் இல்லாத “தகுந்த அளவு” அந்த இருபத்திரண்டு கரண்டியிலிருந்துதான் வந்தது. ஆழாக்கு மண்ணை ஏக்கருக்குப் பெருக்கி நான் போட்ட கணக்கு சரியா என்று இப்போதும் சத்தியம் செய்ய மாட்டேன். கணக்கில் வந்ததில் பாதியைப் போடுவது, அடுத்த வருஷம் மறுபடி ஆலாத்தி பார்ப்பது என்று முடிவு செய்தோம். கடலை போடுகிற இரண்டு ஏக்கருக்கு மட்டும்.

ஒரு விஷயத்தில்தான் சண்டை. மேற்கு ஓரத்தில் நாலு பாத்திக்குச் சுண்ணாம்பு போடாமல் விட வேண்டும் என்றேன்.

“எதுக்கு?”

“சுண்ணாம்பாலதான் தீந்துச்சுன்னு அப்பத்தான தெரியும்.”

“தெரிஞ்சு?”

“எழுதி வெப்பேன்.”

“நீ எழுதி வெக்கறதுக்கு என்ற நாலு பாத்தி பொக்காப் போகோணுமா?”

“நாலு பாத்திதானுங்கக்கா.”

அவள் நாலு பாத்தியையும் ஒரு தரம் சுற்றிப் பார்த்துவிட்டு “செரி” என்றாள். நான் வேப்பங்குச்சி நாலு வெட்டி மூலைக்கு ஒன்றாக அடித்தேன்.

பங்குனியில் சுட்ட கல் வண்டியில் வந்து இறங்கியது. குழியில் போட்டுத் தண்ணீர் தெளித்து நீற்றினோம். இறைத்தது பெரும்பாலும் அக்காதான். தலையோடு மூக்கையும் சேர்த்துத் துணி கட்டிக்கொண்டு, கூடையை இடுப்பில் வைத்து, காற்றுக்கு முதுகு காட்டி நடந்தாள். கை வெந்து தோல் உரிந்தது. ராத்திரிக்குத் தேங்காயெண்ணெய், காலையில் மறுபடி கூடை. பதினோரு நாள். ஊரே வேலியோரம் நின்று பார்த்தது. மச்சாண்டார் ஒருநாள் வண்டியை நிறுத்தி, “சுண்ணாம்பு வெச்சாச்சு. வெத்தல பாக்கு எப்ப மாப்ள, நெலத்துக்கு?” என்று கேட்டார்.

அக்கா கூடையைப் பார்த்துச் சொன்னாள்: “வெத்தல பாக்கு வெச்சு அழைக்கறேன், கார்த்திகைல. வந்து காய அமுக்கிப் பாக்கச் சொல்லு.”

அந்த வருஷம் யுத்தத்தால் சீமை உப்பு வரத்துக் குறைந்திருந்தது. கிடைத்தாலும் வாங்குவதில்லை என்று அக்கா முன்பே முடிவு செய்துவிட்டாள். கொழிஞ்சித் தழை மிதித்து, எருவுக்கு ஆட்டுப்பட்டி போட்டு, விக்கிரம வருஷம் ஆடி 8-இல் கடலை விதைத்தாள். மழை தவறாமல் பெய்தது. இந்த இரண்டையும் குறிப்பிட வேண்டியது அவசியம். சுண்ணாம்பு ஒன்றே செய்தது என்று நான் சொல்ல வரவில்லை.

கார்த்திகை 16-இல் பிடுங்கினார்கள். மச்சாண்டார் கூப்பிடாமலே வந்தார். அக்கா ஒரு தட்டில் வெற்றிலை பாக்கை வைத்து வரப்பில் தயாராக வைத்திருந்தாள். பித்தளைத் தட்டு, நன்றாக அலசியது. அவர் தட்டைப் பார்த்தார், எடுக்கவில்லை. குவியலின் அடியிலிருந்து ஒரு செடியை உருவி, மண்ணை உதறி, காயை அமுக்கத் தொடங்கினார். மேலாக இருப்பதை எடுத்தால் பொறுக்கி வைத்திருப்பார்கள் என்ற சந்தேகம். முதல் காய் அமுங்கவில்லை. இரண்டாவது அமுங்கவில்லை. நான் எண்ணினேன். பத்துக் காயில் ஒன்றுதான் டப் என்றது.

அவர் வேறு இடத்தில் ஒரு செடி எடுத்தார். அப்புறம் இன்னொன்று. உடைத்துப் பருப்பை வாயில் போட்டு மென்றார்.

“மாப்ள, ஆடு மேய்க்கறதுக்கு வேற எடந்தான் பாக்கோணுமாட்ட” என்றார். பிறகு உட்கார்ந்து வெற்றிலையை எடுத்துக் காம்பு கிள்ளினார். “சுண்ணாம்பு எங்க?”

“எல்லாத்தையும் நெலம் தின்னுபோட்டுதுன்னு சொல்லு தம்பி” என்றாள் அக்கா.

அவர் சிரித்துவிட்டார். பெரிய வீட்டுக்கு வரச் சொல்லும் பேச்சு அன்றோடு நின்றது. இன்றுவரை அவள் சாளையில்தான் இருக்கிறாள். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை ஆலாத்தி பார்த்து, வேண்டியிருந்தால் சுண்ணாம்பு போடுகிறாள்.

நான் அன்று பிற்பகல் மேற்கு ஓரத்துக்குப் போனேன். நாலு வேப்பங்குச்சியும் அடித்த இடத்திலேயே இருந்தன. நடுவில் இருந்த நாலு பாத்திச் செடிகளைப் பிடுங்கி அமுக்கினேன். பத்துக்கு ஒன்பது பருப்பு. மற்ற நிலத்துக்கும் இதற்கும் எந்த வித்தியாசமும் இல்லை. நிலம் முழுவதும் மழையாலும் பட்டியாலும் தேறியிருந்தால் அப்படி இருக்கலாம். இல்லாவிட்டால் அந்தப் பாத்திகளிலும் சுண்ணாம்பு விழுந்திருக்க வேண்டும்.

பங்குனிக் குறிப்பைப் புரட்டினேன். நான் சூரமங்கலம் திரும்பிய அன்று குழியில் பன்னிரண்டு கூடை மீதம் என்று இருக்கிறது. அக்காவிடம் கேட்டேன்.

“அதா? சாளைக்கு வெள்ளையடிச்சுட்டன்.”

“பன்னெண்டு கூடையுமா?”

“ரண்டு தடவ அடிச்சன்.”

“அந்த நாலு பாத்தி...”

“காய் வந்துச்சா இல்லியா?”

“வந்துச்சுங்க.”

“எழுதிக்க.”

அந்த மண்ணிலேயே ஆலாத்தி பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அடுத்த லீவில் சட்டியும் துணியுமாகப் போனேன். அதற்குள் வெங்காயத்துக்காகக் குறுக்கும் நெடுக்குமாக உழுது, எல்லா மண்ணும் ஒன்றாகக் கலந்துவிட்டிருந்தது. குச்சிகளை அடுப்புக்கு எடுத்துவிட்டாள்.

பிரமாதி பங்குனிக்கும் விக்கிரம ஆடிக்கும் நடுவே நான் அந்தத் தோட்டத்துக்கு மூன்று முறை போயிருக்கிறேன். பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பியது, கிணற்றில் எத்தனை முழம் தண்ணீர், எந்த மாட்டுக்குக் கால் நோவு என்றெல்லாம் எழுதியிருக்கிறேன். சாளைச் சுவர் வெள்ளையாக இருந்ததா என்பதை எழுதவில்லை. நினைவிலும் இல்லை. தெற்குத் தோட்டக்காரரைக் கேட்டேன். அவர் வெள்ளையடித்திருந்தது என்கிறார். அவர் மனைவி அந்த வருஷம் அடிக்கவே இல்லை என்கிறார். இதை எழுதும் விய வருஷம் ஆனி மாதம் வரையில், அந்த நாலு பாத்தியில் சுண்ணாம்பு விழுந்ததா என்பது உறுதிப்படவில்லை.